அந்தக் கதவுக்கு மட்டும் கோரம் வேண்டாம்

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பதை எங்கள் பேருந்து நிலையம் வரைக்கும் வந்துவிட்ட உன் பேய் மாளிகை விளம்பரங்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். அம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. பார்வை தெளிவு. நீ வந்து பார்க்கவில்லை என்று என்னிடம்தான் கோபித்துக்கொள்கிறாள்.

போனில் பேசியிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் நான் பழைய கதையை ஆரம்பிப்பேன், நீ வைத்துவிடுவாய். இந்தத் தடவை நீ கடைசி வரை கேட்டாக வேண்டும். அதனால் பழைய கதையை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன்.

கோரம் எழுத்துருவை வரைந்தவன் நான். ஒற்றைக்கொம்பை நிஜக் கொம்பாக வளைத்ததும், ‘ழ’வின் வாலை நகமாகக் கூராக்கியதும், மெய்யெழுத்தின் புள்ளியைக் குத்திய கண்ணாக மாற்றியதும் நான். பரிசு மேடையில் ஏறியவன் நீ. அண்ணனும் கூடமாட ஒத்தாசை பண்ணினார் என்று மைக்கில் சொன்னாய். ஒத்தாசை. அந்தச் சொல் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

பிறகு அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாய். சினிமா சுவரொட்டி, கணினி விளையாட்டு, சரி. அதற்குத்தான் அது பிறந்தது. காரச் சிப்ஸ் பொட்டலத்துக்கும் கரப்பான் மருந்துக்கும் எதற்கு? எங்கள் தெருமுனையில் முடிவெட்டுகிறவர் ‘சவரம்’ என்று அதில் பலகை வைத்திருக்கிறார். நான்கு எழுத்திலும் ரத்தம் சொட்டுகிறது. வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டுகிறார்கள். யாரும் இப்போது அதற்குப் பயப்படுவதில்லை. உன் கையில் கொடுத்த அன்றைக்கே சொன்னேன், தலைப்புக்கு மட்டும் வை, சேதி சொல்ல வைக்காதே என்று. வாத்தியார் ஆரம்பிச்சுட்டார் என்று உன் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

பழைய கதை முடிந்தது. இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி.

போன ஞாயிறு நானும் மகளும் உன் மாளிகைக்கு வந்தோம். அவளுக்கு மட்டும் நீ அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தாய். நான் வரிசையில் நின்று வாங்கினேன். உள்ளே இருட்டு, புகை, திரும்பிய பக்கமெல்லாம் கோரம். ‘திரும்பிப் போ.’ ‘உன் பின்னால் யார்?’ ‘இந்தக் கதவைத் தொடாதே.’ தொடாதே என்ற கதவைத் தொட்டால் உள்ளிருந்து ஒரு கை நீளும். மகள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது வளைவில் ஓர் இரும்புக் கதவு. ‘திறந்தால் மரணம்.’ அதே எழுத்து, அதே சிவப்பு. அப்பா, உங்க எழுத்து கூப்பிடுதுப்பா என்றாள். போய்ப் பாரு என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். எங்கிருந்தோ ஓர் எலும்புக்கூடு ஓடி வந்தது. பாப்பா, கையை எடும்மா, உள்ள நிஜக் கரண்டும்மா என்று கத்தியது. சூப்பரா பண்றீங்கண்ணே என்று சொல்லிக்கொண்டே அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே மூடியில்லாத மின்பெட்டி, கீழே தரையெல்லாம் ஈரம். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த ஆள் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு அவள் தோளைப் பிடித்து இழுத்தார். வேர்த்து வெளுத்திருந்த அந்த மனித முகத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம் வந்தது.

அடிக்கடி பியூஸ் போகிறது, மின்பணியாளர் வந்து போக வசதியாகப் பூட்டுவதில்லையாம். உன் மேலாளரிடம் பலகையை மாற்றச் சொன்னேன். உள்ள எல்லாமே ஒரே எழுத்துல இருக்கணும்னு ஓனர் உத்தரவு சார், நான் கை வெச்சா என் சீட்டு கிழிஞ்சிடும் என்றார். பெயரைக் கேட்டார். ஓனரின் அண்ணன் என்றேன். அவருக்கு அண்ணன் இருக்காரா என்றார். அதற்காக இந்தக் கடிதம் இல்லை. விட்டுவிடு.

அந்த எலும்புக்கூட்டு ஆளை எதுவும் சொல்லாதே. வேஷத்தைக் கலைத்துவிட்டார் என்று மேலாளர் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

வருகிற சனிக்கிழமை இரண்டு பள்ளிக்கூடங்கள் வருவதாக உன் வாசலில் தட்டி வைத்திருக்கிறாய். அத்தனை பிள்ளைகளும் அந்த வளைவில் திரும்புவார்கள். என் எழுத்து அவர்களைக் கைதட்டிக் கூப்பிடும்.

இத்துடன் தகரப் பலகை ஒன்று அனுப்பியிருக்கிறேன். மஞ்சளில் கறுப்பு. ‘மின்சாரம். இது விளையாட்டு அல்ல.’ கொம்பும் நகமும் எதுவும் இல்லை, பேருந்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற மாதிரி நேரான எழுத்து. மகள்தான் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். சுற்றி ஒரு முழத்துக்குக் கோரம் எதுவும் இருக்கக் கூடாது. பூட்டும் போடு.

மூலையில் பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று கேட்டால் நீ எழுதியதாகவே சொல்லிக்கொள்.

உன் வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். பலகையை மாட்டிய பிறகு, பூட்டோடு அந்தக் கதவை ஒரு படம் எடுத்து உன் அண்ணன் மகளுக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் எங்கள் வீட்டு விளக்கைக்கூட என்னைத்தான் போடச் சொல்கிறாள்.

அண்ணன்