மறுதாம்புக்குத் தேதி இல்லை

8 ஜன., திங்கள். சித்தூர்.
பனி. பஸ் லேட். காலை வேலை வழக்கம்போல: சர்க்கரை ஆலை டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும் புரொசீஜர்கள், தானாக ஓடும் கணக்குகள், ராத்திரி ஒழுங்காக ஓடினவா என்று பார்த்தல். ஓடின. பிழை இல்லை. கேன்டீன் காபி படுமட்டம்.
மதியம் நாகலாபுரத்து விவசாயி ஒருவர் வந்து சண்டை. அவருடையது மறுதாம்பு, வெட்டிய கட்டையில் துளிர்த்த கரும்பு. முற்றிவிட்டதாம். வெட்டலாம் என்று ஆலை தரும் கட்டிங் ஆர்டர் மட்டும் வரவில்லை. பின்னால் நட்டவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது.
ஊரில் என்னைப் பெற்ற நைனாவுக்கு ஆர்டர் அடுத்த வாரம் வரும். புதுநடவு. கிணறு வற்றிவிட்டது, கரும்பு காய்வதற்குள் வெட்டினால் தப்பித்தோம்.

9 செவ்வாய்.
கட்டிங் ஆர்டர் புரொசீஜரைத் திறந்து படித்தேன். எழுதிய சார் இப்போது அமெரிக்காவில். ஒரு வரி குறிப்பு எழுதி வைக்கவில்லை, மகராசன். நட்ட தேதிப்படி வரிசை. தேதி இல்லாவிட்டால் கடைசி. தேதி இல்லாதவை எல்லாமே மறுதாம்பு!
கரும்பைப் பதிவு செய்யும் ஃபீல்டுமேனைக் கேட்டேன். "நட்டாத்தானே மேடம் தேதி? கேட்டா, நாங்க எங்க நட்டோம், அதுவா வந்துச்சின்றாங்க. காலியா உட்டுட்டேன்."
சோப்பு, ரீஃபில் வாங்க வேண்டும்.

10 புதன்.
மறுதாம்புக்குப் போன வருடம் வெட்டிய தேதியிலிருந்து கணக்கு. நகல் எடுத்து, அதில் மாற்றி ஓட்டினேன். நாகலாபுரத்துக்காரர் மேலே வந்துவிட்டார். நைனா மார்ச்சுக்குப் போய்விட்டார். மறுபடி ஓட்டினேன். அதேதான்.
ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நம் வெட்டு முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. எல்லார் மேலும் எரிச்சல்.

11 வியாழன்.
இன்சார்ஜிடம் சொன்னேன். சரிபார்த்துவிட்டு, "மார்ச்செய்யம்மா" என்றார், தெலுங்கில்; மாற்றிவிடு என்று. மாற்றிவிட்டேன்.
சாயங்காலம் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து நைனா ஃபோன். விஷயத்தைச் சொன்னேன்.
"காய்ஞ்சிக்கினு கீதுமா. நம்ம பேர மட்டும் எடுத்து முன்னால போட முடியாதா?"
முடியும். ஒரு வரி போதும். முடியாது நைனா என்றேன். வைத்துவிட்டார்.

12 வெள்ளி.
பனி இல்லை. எல்லாப் புரொசீஜரும் ஓடின. பிழை இல்லை. நாகலாபுரத்துக்கு ஆர்டர் போயிற்று.
நைனா ஃபோன் வரவில்லை. ஞாயிறு பொங்கல். ஊருக்குப் போக வேண்டும்.