'வசதியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டார்கள், அக்கா

என் காளியம்மா அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஆபீசர் மேல் மட்டுமில்லை, உன் மேலும்தான்.

அமெரிக்காவிலிருந்து மூட்டையில் வந்த கோதுமை ரவையை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அடுப்புப் புகையில் கிண்டிப் போட்டே உன் கண் மங்கிப் போனது. கரண்டி பிடிக்க முடியாமல் ஆனதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அந்த வருஷமே நானும் ரிட்டயர் ஆனேன். எனக்குப் பென்ஷன் வந்தது. புருஷனும் பிள்ளையும் இல்லாத உனக்கு ஒன்றும் வரவில்லை. முதியோர் பென்ஷனுக்கு உன் பெயரில் மனு எழுதினேன்.

விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் நீ என்ன செய்தாய்? குடிசையை மெழுகிக் கோலம் போட்டாய். நான் எப்போதோ கொடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டாய். என்னிடம் வந்து நாற்காலியும் எவர்சில்வர் டம்ளரும் காபித்தூளும் கேட்டாய்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"நல்லாருக்கு டீச்சர்! ஆபீசரு வீடு தேடி வாராக. தரையில உக்காருங்கன்னா சொல்லச் சொல்றீக?"

நானே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அந்த அறிவுகூட இல்லை! அவர் உட்கார்ந்தார், காபியைக் குடித்தார், 'மனுதாரர் வசதியாக இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போனார். நாற்காலி யாருடையது என்று கேட்டாரா? உன் பானையை எட்டிப் பார்த்தாரா?

தள்ளுபடிக் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது நீ சிரித்தாய். "நம்மளும் வசதியான ஆளுன்னு கவர்மெண்டே எழுதிட்டாக, பாத்தீகளா!" மறுபடி மனுப் போட்டேன். பதில் வருமுன் பட்டினி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதற்கப்புறம் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. யாருக்கு விசாரணை என்றாலும் பஸ் ஏறிப் போய் முன்னால் நிற்கிறேன். முதலில் எல்லாரிடமும், நல்ல துணி உடுத்தாதீர்கள், எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்றேன். வீரசோழன் ஊரில் ஒரு பெரியவர் தன் வெள்ளைச் சட்டையைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: "பிச்சக்கார வேசம் போடச் சொல்றீகளாம்மா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவரை விசாரிக்க வந்ததும் அதே இன்ஸ்பெக்டர்தான்.

"நீங்க யாரு? இவருக்கு என்ன வேணும்?" என்றார் என்னிடம்.

"அத விடுங்க. பானையத் தெறந்து பாத்துட்டு அப்புறமா எழுதுங்க."

திறந்தார். வெறும் நீராகாரத் தண்ணீர். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பார்த்ததை அப்படியே எழுதினார். பெரியவருக்குப் பென்ஷன் கிடைத்துவிடும். உன் வீட்டில் இதே கையால் ஒரு மூடியைத் திறந்திருந்தால் என்ன?

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. பென்ஷனுக்காக இந்தப் பக்கத்தில் ஒருத்தரையும் அழுக்குத் துணி கட்ட விடமாட்டேன். மரியாதையாகவே நிற்கட்டும், சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன்.

உன்னிடம் போட வேண்டிய சண்டைதான் எனக்கு வாய்க்கவில்லை. சோறு கொண்டுவந்த போதெல்லாம் "இப்பத்தான் சாப்ட்டேன் டீச்சர்" என்று திருப்பி அனுப்பினாயே. என்னிடமாவது பசிக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ரெண்டு வீடு தள்ளியே இருந்த உன் தங்கச்சி,
சரஸ்வதி