இருவர் பெயரில் ஒருவர் சொன்னது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதீர்கள்.

என் மனு விசாரணைப் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக நீதிமன்ற அலுவலகம் இன்று காலை தெரிவித்தது. பதற வேண்டாம், விஷயத்தைச் சொல்கிறேன். தேர்தல் இல்லாமல் ஓர் அரசு தன் பதவிக்காலத்தை நீட்டிக்க முடியாது என்று நானும் எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவரும் சேர்ந்து புத்தகம் எழுதினோமே, இந்த நாட்டு அரசு இப்போது அப்படித்தான் நீட்டித்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் எங்கள் புத்தகத்தை நீதிபதிகளிடம் காட்டினார்கள். அரசுக்காக வாதாட எழுந்தவர் எங்கள் தலைவர். “அந்தக் கருத்தை நாங்கள் இருவருமே கைவிட்டுவிட்டோம்” என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் மறித்தேன். “நான் எப்போ சார் கைவிட்டேன்?”

“நீ என் பொண்ணு மாதிரிம்மா. உன்னைத் தனியா வேற கேக்கணுமா?” என்று சிரித்தார்.

“பெத்த அப்பாவே என்னைக் கேக்காம என் பேர்ல எதுவும் சொன்னதில்ல சார்.”

நான் கைவிடவில்லை என்று நானே நீதிபதிகளிடம் சொல்ல அனுமதி கேட்பதுதான் அந்த மனு.

மதியச் சாப்பாடு இத்தனை வருடமும் அவர் அறையில்தான். இனி அந்த நேரத்தில் நீங்கள் போன் செய்யுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் பழைய ஸ்வெட்டரையும் அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என்னைப் பேச விடுவார்களா என்பது திங்கட்கிழமை தெரியும். என் வேலையை அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்க அவர்தான் கையெழுத்திட வேண்டும்; அது மாதக் கடைசியில்.

உங்கள் மகள்