பூவாத்தாளின் கணவர் உயிரோடிருக்கிறார்

புனல் பெருகுக. குடி செழிக்க. குறும்புனல் நாடும் அதன் கூற்றங்கள் அனைத்தும் குடைநிழலில் குளிர்ந்திருக்க, கல்மேட்டுக் கோட்டையில் வீற்றிருந்து அரசு செலுத்துபவரும், பகை அஞ்சும் படைத்தலைவர் விறல்வேளர்தம் பட்டத்துத் தேவியுமாகிய கோமகள் கொற்றநங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, திருமந்திர ஓலை எழுதும் பொழிலன் எழுத்து. மேல்கரைக் கூற்றத்து நாட்டவைப் பெருமக்களுக்கும், ஊர்தோறும் பெயர் பதியும் கணக்கர்களுக்கும், குடவோலை மண்டபம் காக்கும் கண்காணிகளுக்கும் நலம் உரைத்து, உங்கள் ஏரி நிறைந்ததா, பயிர் தழைத்ததா, பிள்ளைகள் சுகமா என்று வினவி விடுத்தது.

முறைக்கு நலம் கேட்டாயிற்று. இதற்கு மேல் உங்களை எதுவும் கேட்க எனக்கு முகமில்லை. அரச ஓலையில் 'நாம்' என்று எழுதுவதே வழக்கம் எனப் பொழிலன் நினைவூட்டுகிறார். இன்று நான் சொல்ல வந்தது வெட்கம். நாம் என்று சொல்லி அதில் உங்களுக்கும் பங்கு வைக்க மனம் வரவில்லை, ஆதலால் நான் என்றே எழுதும்படி சொன்னேன். அவர் எழுத்தாணியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுகிறார்.

நாட்டவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு முன்னால், பெயர் பதிவது பற்றி நான் விடுத்த ஆணை உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஊரில் பூவாத்தாள் என்று பலர், செல்லாத்தாள் என்று பலர். ஒருத்தி வாக்கை மற்றொருத்தி போட்டுவிடக் கூடும். ஆகவே பெண்டிர் தம் பெயரோடு கணவர் பெயரையும் தம் வாயால் சொல்லிப் பதிய வேண்டும், சொல்லாதார் பெயரை ஏற்க வேண்டா என்று எழுதினேன். மிகுந்த அறிவோடு எழுதியதாக நினைத்துக்கொண்டேன். அமைச்சரும் தலையை ஆட்டினார். அந்த ஆணை பிறந்த அறையில் தன் கணவர் பெயரை வாய் திறந்து சொல்லக்கூடிய பெண் ஒருத்தியும் இல்லை என்பது எவர் புத்திக்கும் எட்டவில்லை. என் புத்திக்கும்தான்.

உங்கள் கூற்றத்து நெடும்பாழியூரில் நடந்ததைக் கேளுங்கள். பதிவுப் பந்தலில் கணக்கர் நல்லமாணிக்கர் உட்கார்ந்திருக்கிறார். உச்சி வெயில். பூவாத்தாள் என்னும் குடியானவப் பெண் வந்து தன் பெயரைச் சொல்கிறாள். கணவர் பெயரைக் கேட்கிறார். அவர் பெயர் அம்புலியப்பன். அவள் அதை எப்படிச் சொல்வாள்? நிலாவைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று வானத்தை நோக்கிக் கையை உயர்த்திவிட்டு நாணத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். பட்டப்பகலில் நிலா ஏது? வெறும் வானத்தையும் குனிந்த தலையையும் கண்ட நல்லமாணிக்கருக்கு நெஞ்சு உருகிவிட்டது.

அவர்கள் பேசிக்கொண்டதைப் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பொழிலன் திருத்தக் கூடாது.

"அடப் பாவமே. எப்பம்மா போனாரு?"

"விடியக்காலமே போயிட்டாருங்க." வயலுக்குப் போனதைச் சொன்னாள்.

"ஐயோ, இன்னிக்கேவா! இந்த நேரத்துல நீ எதுக்கும்மா இங்க வந்தே?"

"அவருதாங்க போகச் சொன்னாரு. வரிசை பெருசா இருக்கும், வெரசாப் போன்னாரு."

சாகும் தறுவாயிலும் குடிமகனுக்குரிய கடமையை மனைவிக்குச் சொல்லிச் சென்றவர் என்று நல்லமாணிக்கர் கண் கலங்கிப்போனார். அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு வரி என எழுதும் பதிவில், அம்புலியப்பன் இருக்க வேண்டிய இடத்தில் 'வானுலகு சேர்ந்தான்' என்றும், பூவாத்தாள் பெயருக்கு எதிரில் 'கைம்பெண்' என்றும் எழுதினார். இவ்வளவு நல்ல கணக்கர் வேறு எந்த ஊரில் இருக்கிறார் என்று வழியெல்லாம் நினைத்தபடி அவள் வீடு போய்ச் சேர்ந்தாளாம்.

குடவோலை நாள் வந்தது. மண்டபத்து வாசலில் பெயரை உரக்கக் கூவி அழைப்பது நம் வழக்கம் அல்லவா? கூவுகிறவர் ஊரே கேட்கக் கூவினார்: "பூவாத்தாள், கைம்பெண்!" அவளுக்குப் பின்னால், புது வேட்டி கட்டிக்கொண்டு, அம்புலியப்பன் நிற்கிறார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் கழுத்தைப் பார்த்தார்களாம். அவர் கண்காணியிடம் சென்று, "உசிரோட நிக்கிறேனேய்யா, கண்ணு தெரியலியா?" என்று கேட்க, கண்காணியோ, பதிவில் இல்லாதவருக்கு ஓலை கொடுக்கக் கோமகள் ஆணை இடந்தரவில்லை என்றார். என் ஆணை! ஆள் எதிரில் நிற்கும்போதும் என் ஆணையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இருவரும் வாக்களிக்கவில்லை. கல்மேட்டுக்கு நடந்தே வந்தார்கள். கோட்டை வாயிலில் பதிவில் உள்ளவரை மட்டுமே உள்ளே விடுவது முறையாதலால், காவலர் பூவாத்தாளை விட்டார்கள், இறந்தவரை நிறுத்திவிட்டார்கள். நடந்ததை அவள் அவையில் சொல்லச் சொல்ல முதலில் ஒருவர் சிரித்தார். மோர் வாங்கிக் கொடுத்த இடம் வந்ததும் அவை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சமாக இல்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் ஓயும்வரை நின்றிருந்தாள். பிறகு சொன்னாள்:

"சிரிச்சு முடிச்சாச்சா தாயி? என் தாலிய ஊருக்கு நடுவுல கூவி அறுத்தாங்க. அவரு வெளிய வெயில்ல நிக்கிறாரு. பேரச் சொல்லிருந்தா இந்த வம்பே இல்லைன்னு உங்க அமைச்சரு சொல்றாரு. சரி. உங்க வீட்டுக்காரரு பேர நீங்க ஒருக்கா சொல்லுங்க. நானும் சொல்லிப்புட்டுப் போயிடுறேன்."

பக்கத்து ஆசனத்தில் அவர் இருந்தார். அவை என் வாயைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மானத்தைக் காப்பதற்காகத்தான் அப்படிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது இன்னும் கூசச் செய்தது. நான் இறங்கி வாயிலுக்குப் போய் அம்புலியப்பனை உள்ளே அழைத்து வந்தேன். அவையில் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இது ஒருத்தி வழக்கு, ஓர் எழுத்தைத் திருத்தினால் தீர்ந்தது என்று அமைச்சர் உரைத்தார். மற்ற ஊர்களையும் பார்க்கச் சொன்னேன். மலையப்பன் மனைவி மலையைக் காட்ட, 'மலைக்கு ஓடிப்போனவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பொன்னன் மனைவி மூக்குத்தியைத் தொட, அவரைத் தட்டானாக்கியிருக்கிறீர்கள். சைகை காட்டவும் கூசித் திரும்பிப் போனவர்களோ ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. பாதி நாடு இல்லாமல் ஒரு நாட்டவையைத் தேர்ந்தெடுக்க இருந்தோம்.

ஆகவே ஆணை. முத்திரையிட்ட குடங்களில் உள்ள ஓலைகளை எண்ணாமல், எவரும் படிக்காமல், ஊரார் முன் எரித்துவிடுக. அறுப்பு முடிந்ததும் மறுபடியும் பதிவு நடக்கட்டும். பதினெட்டு மழை கண்ட எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், தாம் குடியிருக்கும் ஊர்ப் பந்தலுக்கு வந்து தம் பெயரைச் சொல்லட்டும். அது போதும். ஒரே பெயரில் பலர் இருந்தால் வீட்டு அடையாளத்தைக் கேளுங்கள்: வேம்படி வீட்டுப் பூவாத்தாள், கிணற்றடி வீட்டுப் பூவாத்தாள் என்று ஊர் அழைக்கிறபடி எழுதுங்கள். அண்டை வீட்டார் இருவர், ஆம் இவரே என்று சொன்னால் ஏற்றுக்கொள்க. எழுதியதை அவர் காதுபடப் படித்துக்காட்டாமல் அடுத்தவரை அழைக்கக் கூடாது. படித்துக்காட்டியிருந்தால் அன்றைக்கே அவள் கத்தியிருப்பாள். பதிவை ஊர்மன்றத்தில் வைத்து, பிழை கண்டவர் குடவோலை நாளுக்கு முன்பே வந்து திருத்திக்கொள்ள முரசறைந்து சொல்லுங்கள்.

குடவோலை அன்று வந்தவருக்கு ஓலையைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் தனியே போகவிட்டு, தாம் வேண்டும் குடத்தில் அவரே இடும்படி செய்க. கணவரோ மாமனோ கூடப் போகக் கூடாது. எந்தக் குடத்தில் போட்டாய் என்று கேட்பவனை மண்டபத்தை விட்டு வெளியேற்றுக. பெயரைக் கூவும்போது பெயரை மட்டும் கூவுக. கைம்பெண்ணா, கட்டினவளா என்பது குடத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

நல்லமாணிக்கரை ஒருவரும் ஏசக் கூடாது. அவர் இரங்கினார், நான் சிரித்தேன். தண்டனைக்குரியவர் அவரல்லர். கணவர் பெயரைச் சொல்லாத பெண்களையும் யாரும் கேலி பேச வேண்டா. அது அவர்கள் பாடு. தவறு கேட்டவளிடம் இருக்கிறது.

இந்த ஓலையின் தொடக்கத்தில் என் கணவர் பெயரைக் கண்டிருப்பீர்கள். நான் சொன்னதல்ல. நான் "முறைப்படி தொடங்குங்கள்" என்றேன், பொழிலன் எழுதிக்கொண்டார். பட்டம் ஏறிய நாள் முதல் அப்படித்தான். என் வாயில் வராததை எனக்காக எழுத எப்போதும் ஓர் ஆள் அருகில் இருந்தார். அதனால்தான் அப்படி ஓர் ஆணையிட்டபோது எனக்கு உறுத்தவே இல்லை. பூவாத்தாள் அருகில் அப்படி எவரும் இல்லை.

கல்மேட்டில் அறுப்புக்குக் காத்திராமல் பதிவு தொடங்கிவிட்டது. நேற்றுக் கோட்டைவாசல் பந்தலில் வரிசையில் நின்று நானும் புதிதாகப் பதிந்துகொண்டேன். பெயர் என்ன என்றார்கள். சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

நெடும்பாழியூர் மண்டபத்தில் மறுவாக்கு நாளன்று, எந்தப் பெயரையும் கூவும் முன்னர், முன்பு கூவிய அதே ஆள், அதே வாசலில் நின்று, முரசறைந்து, அன்று கேட்ட காதுகள் அனைத்தும் கேட்கும்படி கூவ வேண்டிய வாசகம் இது: பூவாத்தாளின் கணவர் அம்புலியப்பன் உயிரோடிருக்கிறார், கோமகள் தவறிவிட்டாள்.

பொழிலன் கடைசிச் சொற்களை எழுதத் தயங்குகிறார். எழுதுக என்றேன். இவ்வோலை கண்டவர் கண்டபடி நடத்துக. மாற்றி எழுதியவர் கை என் கையாகாது. நாரை முத்திரை வைத்தேன்.

இப்படிக்கு,
கொற்றநங்கை.