பதினான்காம் கட்டிலின் மூச்சு

3 மார்ச் 2071, காலை 6.10
நுரையீரல் வார்டு. கட்டில்கள் 40. நோயாளிகள் 40. புதிய அனுமதி 6. இந்த மாத மரணம் 0.
இந்த நோட்டைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் தேன்கனி, ஒன்பதாம் வகுப்பு. வெயிலைக் குறைக்க வானத்தில் தூவிய வெள்ளைப் பொடி எங்கள் ஊரில் இறங்கத் தொடங்கியதிலிருந்து பள்ளி இல்லை. பதினான்காம் கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு நான்தான் துணை. தினமும் ஆறு மணிக்கு நோயாளிகள் எல்லோரும் வார்டு கணினியின் குழாயில் ஊத வேண்டும். அது மூச்சுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும்; இரண்டு மாதமாக எல்லோருடையதையும் இந்த நோட்டில் குறித்து வருகிறேன். அம்மா 31. பக்கத்துக் கட்டில் சுடலைமுத்து மாமா 22. "கணக்குப் பரீட்சையில கூட நான் இவ்வளவு வாங்கினதில்ல பாப்பா" என்றார்.

5 மார்ச், காலை 6.25
மாமா 19. 'வீட்டில் ஓய்வு' என்று கணினி சீட்டு அடித்தது. சந்தோஷமாகக் கையசைத்துவிட்டுப் போனார். சுவர்த்திரையில்: மரணம் 0, மாவட்டத்தில் முதலிடம். பெருமையோடு எழுதிக்கொண்டேன்.

6 மார்ச், காலை 11.40
மாமாவின் மருமகள் அவர் விட்டுப்போன போர்வையை எடுக்க வந்தார். "ஆட்டோவிலயே போயிட்டார்மா. வீட்டு வாசலக்கூடப் பாக்கல."
பழைய பக்கங்களைப் புரட்டினேன். 60ஐத் தாண்டியவர்கள் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 20க்குக் கீழே இறங்கிய பதினோரு பேரும் அதே நாளில் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். சாகப்போகிறவர்களைக் கணினி முன்னதாகவே வெளியேற்றுகிறது. அதனால்தான் பூஜ்யம்.
வார்டு நர்ஸ் பியூலா சிஸ்டரிடம் காட்டினேன். பதினோரு பெயர்களையும் விரலால் தொட்டு எண்ணினார். "சீட்டு வந்ததும் கட்டிலுக்குப் போற ஆக்சிஜன அதுவே நிறுத்திடும். என் கையில ஒண்ணும் இல்ல கண்ணு. நோட்ட உள்ள வை."

9 மார்ச், காலை 6.05
அம்மா 21.

10 மார்ச், காலை 6.05
அம்மாவுக்குப் பதிலாக நான் ஊதினேன். சிஸ்டர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். 58. இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தால் அம்மா 'குணமானவர்'. இனி மெல்ல ஊத வேண்டும்.
அம்மா முகமூடிக்குள்ளிருந்து முறைத்தாள். "காப்பியடிக்கவாடி உன்னப் பள்ளிக்கூடத்துல சேத்தேன்?" சிரித்தாள். பிறகு நெடுநேரம் இருமினாள்.

28 மார்ச், காலை 6.05
41. மெல்ல ஊதப் பழகிவிட்டேன்.

9 ஏப்ரல், காலை 6.05
33. புதிய அனுமதி 14. சன்னல் விளிம்பில் பொடி ஒரு விரற்கடை உயரத்துக்கு நிற்கிறது. பால் வாங்கி வரும்போது படியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

18 ஏப்ரல், காலை 6.05
24. வரைபடத் தாளில் புள்ளிகளை இணைத்தேன். கோடு இறங்கிக்கொண்டே போகிறது. அம்மாவிடம் காட்டவில்லை.

21 ஏப்ரல், காலை 6.05
இன்று மெல்ல ஊதவில்லை. இருந்த மூச்சு முழுவதையும் போட்டேன்.
19.

6.06
சீட்டு வந்துவிட்டது. அம்மாவின் பெயர். ஆக்சிஜன் சத்தம் நின்றுவிட்டது. திரையில் மரணம் 0. சிஸ்டர் ஓடி வருகிறார்.
அம்மா சீட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்க்கிறாள். "கனி, இது நீ ஊதினதா?"
இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு