எண்ணெய் படாத வால்வு

மே 12, 2021
மூச்சுக்குக் காற்றில்லாமல் ஆட்கள் சாகிறார்கள். எங்கள் கம்பெனி பிரேக் பாகம் செய்துகொண்டிருக்கிறது. கேட்டில் 'அத்தியாவசியப் பணி' என்று ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு அத்தியாவசியம்?

மே 15
இன்று வேறு வேலை வந்தது. பெங்களூரு ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியாளர் சத்யப்ரியா, மாநில எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்து வந்து சேர்ந்தார். கையில் ஒரு பித்தளை வால்வு. நோயாளி மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜனைத் திறந்துவிடும், மூச்சை வெளியே விடும்போது மூடிக்கொள்ளும். வீணாவது மிச்சம்.

"ஒரு சிலிண்டர் ரெண்டு மடங்கு நேரம் வரும்னு நம்புறோம். இன்னும் நிரூபிக்கல" என்றார்.

நிரூபிக்கவில்லை என்று சொல்லும் ஒரு ஆளை இந்த மாதத்தில் இன்றுதான் பார்க்கிறேன். வாட்ஸப்பில் கஷாயம் விற்கிறவர்கள்கூட நிரூபித்துவிட்டார்கள்.

என் சிஎன்சி கடைசல் மெஷினில்தான் ஓடப்போகிறது.

மே 19
முதல் லாட் முழுக்கப் போச்சு.

அளவு சரிதான். ஆனால் பேக்கிங் ஜெயமணியக்கா அத்தனையையும் துருத்தடுப்பு எண்ணெயில் முக்கிவிட்டார். பித்தளை துருப்பிடிக்காது. ஆனாலும் இங்கே எந்தப் பாகமும் எண்ணெயில் முங்காமல் பெட்டிக்குள் போனதில்லை. பழகிய கை. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெய்மேல் பட்டால் தீப்பிடிக்கலாமாம். யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது.

மேனேஜர் அசோக்குமார், "நாளையிலருந்து வர வேணாம்மா" என்றார்.

அக்கா கையுறையைக் கழற்றினார். "எண்ணெ போடலன்னா திட்றீங்க. போட்டா வெளிய அனுப்புறீங்க. என்னா சார் இது?"

சத்யப்ரியா குறுக்கே வந்தார். "எண்ணெய் கூடாதுன்னு வரைபடத்துல நான் போடல. அவங்கள அனுப்புனா என்னையும் அனுப்பணும்."

இந்த வேலை முடியும்வரை இருக்கட்டும் என்றார் மேனேஜர். முடிந்ததும்? கறிவேப்பிலைதான்.

மே 22
எண்ணெய் கலந்த கூலன்ட் ஊற்றாமல் மெதுவாக ஓட்டுகிறேன். "என்னா தம்பி, மெஷினுக்கு விரதமா?" என்கிறார் அக்கா.

கழுவிக் காயவைத்ததும் அவர் இருட்டறைக்குக் கொண்டுபோகிறார். விரிசல் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் புறஊதா விளக்கு அங்கே இருக்கிறது. அதன் கீழே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மினுங்கும் என்று சத்யப்ரியா காட்டிக்கொடுத்தார். ஒரு வால்வின் மரையில் மினுங்கியது.

"யாரு கைய வச்சது?"

என் கைதான். கையுறை கிழிந்திருந்தது. அக்கா அந்த வால்வைக் கழித்துத் தள்ளிவிட்டார். முறைத்தேன். இரக்கமே இல்லை.

மே 23
தோள் வலிக்கிறது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, நான் கடைந்த ஒன்று எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 18
சத்யப்ரியா போன் செய்தார். மருத்துவமனையில் டாக்டர்கள் மேற்பார்வையில் சோதித்துப் பார்த்தாயிற்று. "ரெண்டு மடங்கு இல்ல. ஒன்றரை. அதைத்தான் எழுதப்போறோம்."

ஒன்றரை. ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா, "அந்தப் பாதி யாரோ ஒருத்தர் வீட்டு ஆளு தம்பி" என்றார். லைனில் யாரோ விசிலடித்தான். நான்தான்.

ஜூன் 21
கேட்டில் புது பேனர்: 'எங்கள் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு'. பொய். கண்டுபிடித்தது அவர்கள். செய்தது நாங்கள். அதுவே எனக்குப் போதும், தலை நிமிர்ந்து நடப்பேன்.

ஆனால் அக்காவை இங்கே வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டர், இந்த வாரத்தோடு சரி என்று அவரிடம் சொல்லிவிட்டான். நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அடுத்த வால்வு லாட்டுக்கு ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த இருட்டறைய ஜெயமணியக்காவுக்கே குடுங்க. காண்ட்ராக்ட்ல இல்ல, நிரந்தரமா."

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். ஷிப்ட் பட்டியலில் இருட்டறைக்கு நேரே இடம் காலியாக இருந்தது; அதில் பெயர் ஏறும்வரை நான் நகர்வதாக இல்லை.