கடலில் தூக்கிய கை

என் தங்கமே பாண்டி,

நேற்று செல்வம் வந்திருந்தான். உன் கம்பெனி லைனின் ரிலீவர், யாராவது வெளியே போனால் அந்த இடத்தில் மாற்றாக நிற்கிறவன்; வாலாஜாபாத்துக்காரன். நீ போனதிலிருந்து நம் ஒரகடம் ரூம் வாசலில் வந்து நிற்பான், ஒன்றும் பேசாமல் போய்விடுவான். நேற்றுதான் வாயைத் திறந்தான்.

உங்கள் லைன் ஆட்களெல்லாம் அந்தமான் போன அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது நீ அனுப்பிய போட்டோக்கள்தான். தீவைச் சுற்றி நீங்கள் நடந்தது, பவளப்பாறை வளைத்துப் பிடித்த அந்தப் பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் மீன் பார்க்கக் கண்ணாடியும் மூச்சுவிட வாய்க்குழாயும் மாட்டிக்கொண்டு நீ நின்ற கோலத்தைப் பார்த்து, "வெல்டிங் கடைக்காரன் மாதிரி இருக்கடா" என்று பதில் போட்டேன். பார்த்தாயா?

மீன் பார்த்துக்கொண்டே மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "எம் புள்ள கஷ்டப்படல, மீனப் பாத்துக்கிட்டே போயிட்டான்." ஊரில் யார் வந்தாலும் இதையே சொல்கிறாள். சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது.

செல்வம் சொன்னது வேறு. "கை தூக்குனான்க்கா. லைன்ல தூக்குவான் பாரு, அதே மாதிரி. நான் போட்டுல குந்திகினு இருந்தேன். பழக்கத்துல ரெண்டு வெரலக் காட்டிட்டேன். அப்பால குப்புறப் படுத்துகினான். மீன் பாக்குறான்னு வுட்டுட்டேன்க்கா."

நானும் லைனில் நிற்கிறவள்தானே. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கை தூக்குவோம். ரிலீவர் இரண்டு விரல் காட்டினால், இரு, வருகிறேன் என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். கடலிலும் அவன் விரலைப் பார்த்தாயா, தம்பி? வருவான் என்று காத்திருந்தாயா?

குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. போட்டிருந்த மிதவை ஜாக்கெட் உன்னை மூழ்கவிடவில்லை; அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அடிச்சிடுக்கா" என்று குனிந்து நின்றான். செருப்பைக் கழற்றும் அளவுக்குக் கோபம் வந்தது. அவனும் வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனாலும் என் மனம் ஆறவில்லை, பாண்டி. "இனிமே இங்க வராதீங்க. எங்கம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க" என்று கதவைச் சாத்தினேன்.

இன்று காலை அம்மா போனில் வழக்கம்போலக் கேட்டாள். "கூடப் போன பயலுக யாரும் வந்தானுகளாடி? என்ன சொன்னானுக?"

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரு பெரிய மீனு வந்துச்சாம்மா. அதப் பாத்துக்கிட்டே இருந்தானாம்."

"என்ன கலருடி?"

"நீலம்மா."

"நீலமா..." என்றாள். பிறகு, "வாலு?" என்று கேட்டாள்.

மஞ்சள் என்றேன். இனி அவள் எத்தனை முறை கேட்டாலும் நிறம் மாறாமல் சொல்வேன். நீ கை தூக்கியது அவள் காதுக்கு ஒருநாளும் போகாது.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா